நீ வருமுன் நான் காட்டிய படம்

இன்று காலை முதலிபாளையம் போகும் வழியில் எவனோ ஒருவன் கட்டிங் வேஸ்ட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தான். பனியன் துணித் துண்டு, எலாஸ்டிக், பாலிதீன் பை எல்லாம் ஒரே குவியலாக உருகி எரிகிற நாற்றம். அது மூக்கில் ஏறியதும் வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் நெருப்பைக் காலால் எட்டி உதைத்தேன். செருப்பு உருகிப் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஆள் பதறிப்போய், "ஏனுங்கக்கா, வெறும் வேஸ்ட்டுத்தானுங்க, எதுக்குங்க இப்படி?" என்றான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் கை இறங்கியது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

என் கோபம் உனக்குத் தெரியாததா? "உன்ற கைக்குத் தனியா ஒரு மூளை இருக்குது, அது உங்கிட்டக் கேட்டுட்டு வேலை செய்யறதில்ல" என்பாய். சொல்லிவிட்டு நீயே சிரிப்பாய். இப்போது அந்தக் கையால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் லேபில், உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ போய் ஏழு மாதம். இந்த ஏழு மாதமும் ஊர் உன்னை விலைபோனவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாயப்பட்டறைக்காரரிடம் வாங்கிக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் மாற்றிப் பேச வந்து, அடிபட்டுச் செத்தவள் என்கிறது. அந்தப் பேச்சால் உன் தங்கைக்குப் பேசி முடித்த வரன்கூடத் தட்டிப்போனது. அது பொய் என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நான் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் திறந்தேன். நடந்ததில் பாதியை நீ பார்க்கவில்லை. அதனால் வரிசையாகச் சொல்கிறேன், கேள்.

நாம் இந்த லேபைத் தொடங்கியபோது உனக்கு என்ன நம்பிக்கை! சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரைச் சோதித்து அறிக்கை கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது, தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்றாய். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சாயம் எங்கே இறங்கி எந்தக் கிணற்றில் ஏறுகிறது என்று கணக்குப் போடும் நிரலை நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். எந்த நாட்டு விஞ்ஞானிகளோ ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதி, சோர்ஸ் கோடை மட்டும் இலவசமாக விட்டு வைத்திருந்தார்கள். ரெண்டு க்ளிக்கில் ஏறி உட்காரும் சாமான் இல்லை அது. லினக்ஸ் மெஷினில் அந்த வரிகளை நாமே கம்பைல் செய்து ஓடும் நிரலாகக் கட்டி எழுப்ப வேண்டும். அது தனக்குத் துணையாக லைப்ரரி என்ற இன்னொரு நிரல் தொகுப்பைக் கேட்டது. அந்த லைப்ரரி வேறொரு லைப்ரரி கேட்டது. அதையும் சோர்ஸிலிருந்தே கட்ட வேண்டும் என்றது. புதுப் பதிப்பைப் போட்டால் பழையதுதான் வேண்டும் என்றது. பழையதைப் போட்டால் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நான் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். எழுத்துகள் அறை முழுக்கச் சிதறின. நீ எழுந்து வந்து பளாரென்று ஒன்று வைத்தாய். நானும் திருப்பி வைத்தேன். உன் கண்ணாடி பறந்துபோய் டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டில் விழுந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நின்றோம். பிறகு நீ தரையில் தவழ்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தாய். 'எம்' மட்டும் கிடைக்கவே இல்லை. "கம்பைல் பண்ண 'மேக்'னு அடிக்கோணும்னா இனி எங்கிருந்தாச்சும் காப்பி பண்ணித்தான் ஒட்டோணும், நல்லா அனுபவி" என்றாய். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தோம். அன்று சாயந்திரம் லைப்ரரி கட்டி முடிந்தது.

அப்புறம்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் கட்டுவது, நீ சரிபார்ப்பது. அது உன் வீட்டுச் சட்டம். உன் அம்மா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். "தச்சவ செக் பண்ணக் கூடாது" என்பது அவர் வாக்கு. தைத்தவள் கண்ணுக்குத் தன் தையலில் விட்டுப்போனது தெரியாது, வேறொருத்தி கண்தான் பிடிக்கும். திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் வழக்கம். தையல் ஒரு பக்கம், செக்கிங் ஒரு பக்கம். அதை நாம் அப்படியே இங்கே கொண்டுவந்தோம். கம்பைல் முடிந்ததும் 'மேக் செக்' என்று ஒரு கட்டளை உண்டு. விடை தெரிந்த கணக்குகளை எழுதியவர்களே உள்ளே வைத்திருப்பார்கள். நம் மெஷினில் கட்டிய நிரலுக்கு அந்தக் கணக்குகளைக் கொடுத்து, விடை ஒத்துப்போகிறதா என்று அது பார்த்துச் சொல்லும். அந்தக் கட்டளையை நான் தொட்டதே இல்லை. அது உன் டேபிள் வேலை. எனக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பிழை வந்தால் பார்த்துக்கொள்ள நீ இருக்கிறாய் என்று நான் எதையும் இழுத்துப் போட்டுக் கட்டிவிடுவேன்.

போன மார்கழியில் எங்கள் ஊர் வேலை நம் கைக்கு வந்தது. ஓடைக்கரையில் ஏழெட்டுக் கிணறு ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போனதை நீயே வந்து பார்த்தாய். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் வாளி விட்டு எடுத்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. என் அம்மாவின் விரலிடுக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. கன்னுக்குட்டி ஒன்று வாயில் நுரை தள்ளி என் கண் முன்னால் செத்தது. எங்கேயிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்று ஊர் கேட்டது. ஊருக்காக என் அப்பாதான் நம் லேபுக்கு வந்து, "அம்மிணி, உன்ற படிப்பு நம்மூருக்கு இதுக்காச்சும் ஒதவட்டும்" என்றார்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சாயப்பட்டறையின் கேட்டில், நான் பத்தாவது படிக்கும்போது, என் அப்பாவை அறைந்தார்கள். தண்ணீர் கெடுகிறது என்று கேட்கப் போனவரை முதலாளி எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்து வெளியே தள்ளச் சொன்னார். நான் சைக்கிளில் பின்னாலேயே போயிருந்தேன். என் அப்பா கீழே விழுந்த துண்டை எடுத்துத் தூசி தட்டித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்து போனார். அந்த ஆளை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். பதினெட்டு வருஷம் ஆகியும் அந்த நினைப்பு எனக்குள் தணியவில்லை. கணக்குப் போடும் முன்பே விடை எனக்குத் தெரிந்திருந்தது. சாயம் கிழக்கேயிருந்துதான் வர வேண்டும்.

தை மாதம் நீ வீட்டாரோடு பழனிக்கு நடந்தாய். உங்கள் வீட்டில் வருஷா வருஷம் காவடி எடுப்பார்கள், நிறுத்த முடியாது என்றாய். பழைய மெஷின் இந்தக் கணக்குக்குப் பத்தாது என்று, நீ கிளம்பின மறுநாள் நான் நிரலைப் புது மெஷினில் கட்டத் தொடங்கினேன். எண்களை இரட்டைத் துல்லியத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். அப்படிக் கட்டினால் கடைசிப் படியில், லைப்ரரியோடு இணைக்கும் இடத்தில், பக்கம் பக்கமாக எர்ரர். லைப்ரரியையும் அதே துல்லியத்தில் மறுபடி கட்டினால் சரியாகியிருக்கும். ஒரு நாள் வேலை. எனக்குப் பொறுமை இல்லை. இரட்டைத் துல்லியம் என்ற அந்த ஒரு ஆப்ஷனை எடுத்துவிட்டேன். கம்பைல் ஒரு முனகல்கூட இல்லாமல் முடிந்தது.

இரட்டையை எடுத்தால் எண்ணில் பாதி இலக்கம் போய்விடும். மலைச்சரிவில் அது பெரிய குற்றம் இல்லை. எங்கள் ஊர் நிலம் மட்டம். ஒரு கிணற்று நீர்மட்டத்துக்கும் அடுத்ததற்கும் ரெண்டு விரற்கடை வித்தியாசம் இருந்தால் அதிகம். அந்த ரெண்டு விரற்கடையை வைத்துத்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நிரல் முடிவு செய்கிறது. இலக்கத்தை வெட்டிவிட்டால் சில்லறைப் பிழை கட்டம் கட்டமாகச் சேர்ந்து திசையே மாறிவிடும். இதெல்லாம் இன்றைக்குத் தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்குத் திரையில் சிவப்பு அம்பு கிழக்கேயிருந்து, அந்தப் பட்டறையிலிருந்து, நேராக எங்கள் கிணற்றுக்கு வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையை ஓங்கிக் குத்தினேன். "மாட்டினான்" என்று கத்தினேன்.

நீ தாராபுரம் தாண்டி எங்கேயோ உட்கார்ந்து காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். ஃபோனில் சொன்னேன். நீ சந்தோஷப்படவில்லை.

"செக் ஓட்டுனியா?"

"அது உன்ற வேலை புள்ள. நீ வந்து ஓட்டிக்க."

"சரி. அப்ப நான் வர்ற வரைக்கும் அந்தப் படத்தை ஒருத்தர்கிட்டயும் காட்டாத. உங்கப்பாகிட்டக்கூட. ஞாயித்துக்கெழமை காத்தால வந்துர்றேன்."

"ஞாயித்துக்கெழமதான் ஊர்க் கூட்டம்."

"கூட்டம் அடுத்த வாரங்கூட நடக்கும். செக்கிங் ஆகாத பீஸ பேக் பண்ணக் கூடாதுடி. நான் பேசறது காதுல விழுகுதா?"

விழுந்தது. நன்றாக விழுந்தது. அப்படியும் அன்று சாயந்திரமே அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் அம்பை விரலால் தடவிப் பார்த்தார். கன்னத்தை ஒரு தடவை தேய்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டிச் சுவரில் படத்தை ஒட்டினார்கள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். நான் குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினேன். ஒரு பெரியவர், "நிச்சயந்தானுங்களா அம்மிணி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றேன். அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க, போலாம்" என்றார். அவ்வளவுதான். கடப்பாரை, மண்வெட்டி, மோட்டார் கழற்றும் ஸ்பானர், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு டிராக்டரிலும் பைக்கிலும் ஏறினார்கள். நானும் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிராக்டரை வைத்தே கேட்டை இடித்தார்கள். பீகார்க்காரன் ஒருவன் வாட்ச்மேன். "மத் மாரோ, பையா, மத் மாரோ" என்று, அண்ணா அடிக்காதீங்க என அவன் பாஷையில் கெஞ்சிக் கும்பிட்டான். அவன் கும்பிட்ட கையில்தான் முதல் அடி விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. துணிக்குச் சாயமேற்றும் பெரிய மெஷினின் கண்ணாடியைக் கடப்பாரையால் குத்தினார்கள். கொதிநீர் பீய்ச்சி அடித்து எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கே நெஞ்சு வெந்தது. அவர் அலறியது மற்றவர்களுக்கு இன்னும் வெறியேற்றியது. சாய டிரம்களை உருட்டிக் கவிழ்த்தார்கள். சுருட்டி வைத்திருந்த துணி ரோல்களுக்குத் தீ வைத்தார்கள். முதலாளியை ஆபீஸ் அறையிலிருந்து இழுத்து வந்து, என் அப்பா முன்னால் மண்டிபோட வைத்தார்கள். அப்பா அவர் கன்னத்தில் அறைந்தார். ஒன்று இல்லை, எண்ணிக்கை இல்லாமல் அறைந்தார். அந்த ஆளின் வாயில் ரத்தம் வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உடம்பெல்லாம் சூடேறிச் சந்தோஷமாக இருந்தது.

நான் கல்லை எடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் ஜன்னல். மூன்று கண்ணாடி போட்டது. முதல் கல்லில் ஒரு கண்ணாடி போனது. ரெண்டாம் கல்லில் இன்னொன்று.

அந்தக் காலையில் நீ பழனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக லேபுக்கு வந்திருக்கிறாய். மெஷினைப் போட்டு மேக் செக் ஓட்டியிருக்கிறாய். ஏழு கணக்கு தப்பு என்று வந்திருக்கிறது. அந்தப் பதிவு ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஓட்டிய நேரத்தோடு. என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறாய். என் ஃபோன் சைலண்டில் இருந்தது. ஊருக்குப் போய், அங்கே ஆள் இல்லை என்றதும் புகையைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரில் வந்திருக்கிறாய். நீ கேட்டுக்குள் ஓடிவந்தபோது உன் ரெண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது. ஓட முடியாமல் ஓடி வந்தாய்.

ஆபீஸ் படியில் ஏறி நின்றாய். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

"தப்புங்க, படம் தப்புங்க. நிறுத்துங்க. செக்குல ஏழு ஃபெயிலுங்க. தண்ணி இந்தப் பக்கமிருந்துதான் வருதுன்னு சொல்ல முடியாதுங்க."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ, "எவ இவ?" என்றான். அதற்குப் பதில் சொன்னது என் அப்பா. "அவங்கிட்ட வாங்கீட்டுப் பேசறா" என்று கத்தினார். உன்னை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய். அப்படிச் சொன்னார். நாலைந்து கை ஒரே நேரத்தில் ஓங்கியது. என் மூன்றாவது கல்லும் அப்போதுதான் கையை விட்டுப் போனது. ஜன்னலைப் பார்த்து எறிந்தேனா, உன்னைப் பார்த்த பிறகு எறிந்தேனா என்று எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை. நீ நெற்றிப்பொட்டில் கை வைத்தாய். என்னைத் தேடிப் பார்த்தாய். பிறகு சாயக் கால்வாயின் சிமெண்டு விளிம்பில் பின்னந்தலை படக் கீழே விழுந்தாய்.

கால்வாயில் அன்றைக்கு நீலச் சாயம். நான் இறங்கி உன்னைத் தூக்கினேன். உன் முடியிலிருந்து நீலமும் ரத்தமும் சேர்ந்து என் கையில் ஒழுகியது. கூட்டம் பின்வாங்கி ஓடியது. வண்டி கொடுக்க ஒருவரும் இல்லை. அந்த முதலாளியின் டிரைவர்தான் தன் காரை எடுத்து வந்தான். வாய் கிழிந்து மண்ணில் உட்கார்ந்திருந்த முதலாளி, "கொண்டு போங்க, சீக்கிரம்" என்றார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாய். கண்ணைத் திறக்கவே இல்லை.

அவர் காரில் நீ போனதுதான் ஊருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. "பாத்தீங்களா, அவன் காரே வந்துது" என்றார்கள். பன்னிரண்டு பேர் மேல் கேஸ். அப்பா பெயர் இருந்தது, ஜாமீனில் வந்தார். என் பெயர் இல்லை. பொண்ணு என்பதால் யாரும் சொல்லவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே கண்ணு, என்ன நடந்துது?" என்று கேட்டபோது, "கூட்டத்துல யாரோ போட்டுட்டாங்கம்மா" என்றேன். இதைச் சொன்ன வாய் புழுத்துப்போகவில்லை. அப்புறம் சோறும் தின்றது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து நான் லைப்ரரியை மறுபடி கட்டினேன். இரட்டைத் துல்லியத்தில். ஒரு முழு நாள் ஆனது, நான் மிச்சம் பிடித்த அதே ஒரு நாள். மேக் செக் ஓட்டினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. எல்லாம் சரி என்று வந்தது. பிறகு நம் கிணற்று அளவுகளைக் கொடுத்தேன். அம்பு கிழக்கேயிருந்து வரவில்லை. மேற்கேயிருந்து வந்தது. மேற்கே எங்கள் தோட்டத்து மூலையிலிருந்து, கருவேல முள் மண்டிக் கிடக்கும் அந்தக் குழியிலிருந்து வந்தது.

அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் காலேஜ் போன வருஷங்களில் அப்பா அந்த மூலையை யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார். சாயக்கழிவு மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நாலு மழைக்காலம் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் மூட்டையெல்லாம் போய்விட்டது. குழியை மண் போட்டு மூடியாகிவிட்டது, எல்லாரும் மறந்துவிட்டோம். கன்னுக்குட்டியைக் கொன்றதும், என் அம்மா கையை உரித்ததும் எங்கள் சொந்த மண். நீ செத்தது இதற்காக.

அப்பாவிடம் அன்றைக்கே படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அதை நாலாக மடித்து அடுப்பில் போட்டார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் அசையவில்லை. "செத்தவ திரும்பி வரப் போறதில்ல அம்மிணி. நாம ஊருக்குள்ள இருக்கோணும்" என்றார். நான் இன்னும் கத்தினேன். கத்திவிட்டு என்ன செய்தேன்? சும்மா இருந்தேன். அவர் எரித்தது ஒரு தாள், ஃபைல் என்னிடம்தான் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுத்தால் துல்லியத்தை நான் வெட்டியதும் வெளியே வரும், என் கல்லும் வெளியே வரும். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான்.

இன்று காலை அந்த ஆளின் சட்டையை விட்ட பிறகு, உருகின செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியை ஊருக்குத் திருப்பினேன். அப்பா வாசலில் பல் குச்சியோடு நின்றிருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போறனுங்கப்பா. எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னால அவங்கம்மாகிட்டச் சொல்லப் போறேன். உங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சா ஒளிஞ்சு செஞ்ச மாதிரி ஆயிரும்."

"எல்லாத்தையும்னா?"

"குழியையுந்தானுங்க."

அவர் அறைந்தார். என் காது அடைத்தது. ரெண்டாம் தடவை கையை ஓங்கினார், நான் நகரவில்லை. ஓங்கிய கையை இறக்கினார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பெத்த அப்பனையே ஜெயிலுக்கு அனுப்பற" என்றார். பிறகு வேறு குரலில், "அந்தப் புள்ள நம்மூட்டுச் சோத்தத் தின்ன புள்ள. நான் ஏன் அப்படிச் சொன்னன்னு எனக்கே தெரியல" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்க நிற்கவில்லை, வண்டியை எடுத்துவிட்டேன்.

திருப்பூர் ராயபுரத்தில் உன் வீட்டில் உன் அம்மா மட்டும் இருந்தார். ஒரு கம்பெனியிலிருந்து பீஸ் வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு வெளியே போவதில்லையாம். போனால் உன்னைப் பற்றிப் பேச்சு வருகிறதாம். என் கன்னத்தைப் பார்த்து, "என்ன கண்ணு, யாரு அடிச்சா?" என்று பதறி எழுந்தார். உட்காருங்கம்மா என்றேன். லேப்டாப்பைத் திறந்து நீ ஓட்டிய பதிவைக் காட்டினேன். அவருக்கு அதில் என்ன புரியும் என்று நினைத்தேன். எல்லாம் புரிந்தது.

"நீ தச்சது, அவ செக் பண்ணி ரிஜெக்ட் பண்ணியிருக்கா" என்றார்.

"ஆமாங்கம்மா."

"அவ வர்றதுக்குள்ள நீ அனுப்பிப்போட்ட."

"ஆமாங்கம்மா. யார்கிட்டயும் காட்டாதன்னு சொன்னா. கேக்கலீங்க."

"அப்ப எம்புள்ள யார்கிட்டயும் வாங்கலை."

"வாங்கலீங்கம்மா. அவ சரியானதச் சொல்லத்தான் அங்க வந்தா. தப்பெல்லாம் என்றது."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஏழு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. நான் தொடவில்லை. தொட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அழுகை கொஞ்சம் அடங்கி அவர் மறுபடி பீஸை எடுத்து வெட்டத் தொடங்கிய பிறகு குழியைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், நான் டிராக்டரில் ஏறியதைச் சொன்னேன், கல்லெடுத்ததையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சின்னக் கத்தரி நின்றது. என்னை நேராகப் பார்த்தார்.

"அந்தக் கல்லு உன்றதா?"

இதற்குப் பொய் சொல்ல ஒரு நொடி நாக்கு புரண்டது. அடக்கினேன்.

"தெரியலைங்கம்மா. மூணு கல்லு போட்டனுங்க. போன மாசம் அந்தப் பட்டறைக்குப் போயி ஜன்னலைப் பாத்தனுங்க. இன்னும் மாத்தலீங்க. மூணுல ரெண்டு கண்ணாடிதான் ஒடஞ்சிருக்குது."

தெருவில் துணி ஏற்றிப்போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அறைவார் என்று நினைத்தேன். அந்தக் கத்தரியால் குத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அதையும் எழுதிக் குடுத்துரு கண்ணு" என்றார்.

கண்ணு என்றுதான் சொன்னார். எழுதித் தரத்தான் கிளம்புகிறேன். ஸ்டேஷனில் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும், அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. அந்த ஒரு சொல்லை இனி எங்கே கொண்டுபோய் இறக்குவேன் என்றுதான் தெரியவில்லை.